ஆணியில் தொங்கிய மஞ்சள் அங்கி

மேட்ரன் குவானின் கைகளை நான் இந்த இல்லத்துக்கு வந்து வெகுகாலம்வரை பார்த்ததே இல்லை. முகத்தைப் பார்க்காத நாளில்லை, குரலைக் கேட்காத மணிநேரமில்லை, கைகள் மட்டும் எப்போதும் நீல ரப்பருக்குள் இருந்தன. காலையில் எழுந்ததும் மற்றவர்கள் பல் துலக்குவார்கள், அவர் கையுறை மாட்டுவார். அந்தக் கையோடு கதவைத் திறப்பார், தொலைபேசியை எடுப்பார், யோசிக்கும்போது காதோரம் சொறிந்துகொள்வார், அறை அறையாகப் போய் எங்கள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். ஒரு கட்டிலில் புண்ணுக்கு மருந்து, அடுத்த கட்டிலில் வாய்க்குக் கஞ்சி, இரண்டுக்கும் அதே ஜோடி. நடுவில் சோப்புப் போட்டுக் கழுவுவார். கையை அல்ல, கையுறையை.

"கிருமி விஷயத்துல நான் ஒருத்தரையும் நம்பமாட்டேன்" என்பார். கிருமிகள் அவரை முழுசாக நம்பின.

என்னைப் பற்றி ரெண்டு வரி. பெயர் ஞானப்பிரகாசம். தைப்பிங் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து, சீனத்தில் கண்டனீஸ், ஹொக்கியன், பிறகு மலாய், தமிழ் என்று நாலு மொழியில் அடுத்தவர் சொன்ன பொய்யை எழுத்துப் பிசகாமல் நீதிபதியிடம் ஒப்படைத்தவன். மனைவி போனாள், இடுப்பெலும்பு உடைந்தது, பிள்ளைகள் கோலாலம்பூரில் ரொம்ப பிஸி. ஆக இந்த முதியோர் இல்லம். இங்கே நான் எழுதும் பேச்செல்லாம் பெரும்பாலும் கண்டனீஸிலும் மலாயிலும் நடந்தது. தமிழாக்கம் அடியேன், இந்த முறை சத்தியப் பிரமாணம் இல்லாமல்.

குவான் சுய் லின் என்பது அவர் முழுப் பெயர். தைப்பிங்குக்குப் பக்கத்துத் தூப்பாயில் ஆற்று மணலில் ஈயம் அலசிப் பிழைத்த ஒரு தாயின் மகள். பதினெட்டு வயதில் ஏதோ ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் ரப்பர் கையுறையை யாரும் வீசமாட்டார்கள். கழுவி, ஊதிப் பார்த்து, ஓட்டை இருந்தால் ஒட்டுப் போட்டு, மாவு தூவி, ஆவியில் வேகவைத்து மறுபடியும் மாட்டுவார்கள். அதில் எல்லாம் ஒரு கணக்கு இருந்தது. வேகவைப்பதுதான் அந்தக் கணக்கின் உயிர். பல வருடம் கழித்து ஓய்வு பெற்று எங்கள் இல்லத்துக்கு வந்தபோது குவான் அந்தச் சிக்கனத்தை முழுசாக எடுத்துக்கொண்டு வந்தார், வேகவைப்பதை மட்டும் அங்கேயே விட்டுவிட்டார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சமையலறைக்குப் பக்கத்து அறையில்தான் வாசம். ஞாயிற்றுக்கிழமையும் விடுப்பு கிடையாது. ராத்திரி யார் இருமினாலும் முதலில் எழுந்து வருவது அவர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் ஒருதலையாகச் சாட்சி சொல்கிறேன் என்று ஆகிவிடும்.

அலுவலக அறையில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. பெருந்தொற்றுச் சமயத்தில் சங்கங்களும் கோயில்களும் போட்டி போட்டுக்கொண்டு கொடுத்த முகக்கவசங்கள், கையுறைகள், மஞ்சள் மேலங்கிகள், நெற்றியிலிருந்து தாடைவரை மறைக்கும் கண்ணாடித் தகடுகள் எல்லாம் அதில் அடுக்கி இருக்கும். பெட்டியின் மேல் சுற்றிய பிளாஸ்டிக் தாள்கூடப் பிரிக்கப்படாமல் இருக்கும். குவான் எதன்மேலும் பிளாஸ்டிக்கைப் பிரிக்கமாட்டார். வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்து எழுந்தால் தொடை இன்னும் ஒட்டும், டிவி ரிமோட்டை அழுத்தினால் பையோடு சேர்த்து அழுத்த வேண்டும். அலமாரியைப் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் போட்டுக்கொள்வார்.

"ஏன் மேட்ரன் பூட்டி வச்சிருக்கீங்க? அது போட்டுக்கறதுக்குத்தானே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"போட்டா தீர்ந்துரும்."

"தீரட்டுமே."

"நிஜமான வியாதி ஒண்ணு வந்தா அப்ப என்ன செய்வீங்க? உங்க கோர்ட்டு கோட்ட மாட்டிக்குவீங்களா?"

வருடம் ஒருமுறை அதிகாரிகள் பார்வையிட வருவார்கள். அன்றைக்கு மட்டும் அலமாரி திறக்கும். அவர்கள் தலையாட்டி, படம் பிடித்து, காப்பி குடித்துப் போனதும் மூடிக்கொள்ளும். எங்கள் ஊர் அருங்காட்சியகம்கூட வாரத்தில் எல்லா நாளும் திறந்திருக்கும்.

இப்படி இருக்கையில்தான் ஃபூ வெங் கியட்டுக்கு அரித்தது.

ஃபூ என் கூட்டாளி. கோலா செப்பத்தாங்கிலிருந்து அடுப்புக்கரி ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்கு லோரி ஓட்டியவர். ஓட்டி ஓட்டியே பக்கத்து ஆவ்லோங்கில் ஒரு வீடு கட்டினார். மனைவி போன பிறகு மூட்டுவலியோடு தனியாக இருக்க முடியாமல் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்தார். ஒரே மகன் டெஸ்மண்ட், மெல்போர்னில் கணக்காய்வாளன். மழைக்காலத்தில் நெஞ்சுச்சளி என்று ஃபூ சில நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பினார். விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் சின்னச் சின்னச் சிவப்பு. ராத்திரியெல்லாம் சொறி. கிளினிக்கில் சிரங்குப் பூச்சி என்றார்கள். கழுத்திலிருந்து பாதம்வரை தடவ ஒரு களிம்பும் கொடுத்தார்கள். தடவினார், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை தடவினார், அரிப்பு போய்விட்டது.

ஆனால் குவான் விடுவாரா. பின்கட்டில் உடைந்த சக்கர நாற்காலிகள் போட்டுவைக்கும் அறையை ஒழித்து ஃபூவை அதில் போட்டார். கதவில் ஒரு ஆணி அடித்தார். கழுத்துச் சாவியை எடுத்து, அலமாரியைத் திறந்து, பெட்டி ஒன்றின் பிளாஸ்டிக்கைப் பிரித்து, ஒரே ஒரு மஞ்சள் மேலங்கியை வெளியே எடுத்து அந்த ஆணியில் மாட்டினார். அவர் அதைச் செய்த மரியாதையைப் பார்த்து நான் எழுந்து நின்றிருப்பேன், இடுப்பு சரியாக இருந்திருந்தால்.

"உள்ள போற யாரா இருந்தாலும் இதப் போட்டுக்கிட்டுத்தான் போகணும். வெளிய வந்ததும் கழட்டி இதே ஆணியில மாட்டணும். கீழ போட்டீங்க, தொலைச்சிருவேன்" என்று பணியாளர்களிடம் சொன்னார்.

இந்தோனேசியாவில் மேடானிலிருந்து வந்து வேலை பார்க்கும் சூர்யாத்தி, மலாய் வழக்கப்படி புவான், அதாவது அம்மா, என்று கூப்பிட்டு மெதுவாகக் கேட்டாள். "புவான், இது ஒரு தடவை போட்டுட்டு வீசறதுன்னு பெட்டியில படம் போட்டிருக்கே."

"ஒரு தடவை போட்டு வீசறதுக்கு இது என்ன டிஸ்யூ தாளா? நல்லாத்தானே இருக்கு. மருந்துத் தண்ணி அடிச்சுக்கலாம்."

காலையில் சூர்யாத்தி அதை மாட்டிக்கொண்டு ஃபூவுக்குக் கஞ்சி கொண்டுபோவாள். மத்தியானம் வேறொருத்தி அதையே மாட்டிக்கொண்டு படுக்கை விரிப்பு மாற்றுவாள். சாயங்காலம் குவான் மாட்டிக்கொண்டு மாத்திரை கொடுப்பார். எல்லாருடைய வேர்வையும், எல்லாருடைய முழங்கையும் அந்த ஒரே சட்டைக்குள் போய் வந்தன. துவைக்க முடியாது, துவைத்தால் கிழிந்துவிடும். வெயிலில் போடலாம் என்றால் மழைக்குப் பேர்போன தைப்பிங்கில் வெயிலை எங்கே போய்த் தேடுவது. வெளிப்பக்கம் மட்டும் குவான் தவறாமல் மருந்துத் தண்ணீர் அடித்தார். உள்பக்கம் நம்மவர்கள் பக்கம்தானே, அதில் என்ன இருக்கப்போகிறது.

ஃபூ அறையின் ஜன்னல் பின் வராந்தாவில் திறக்கும். நான் நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அங்கே நாற்காலி போட்டுக்கொள்வேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர்.

"யோவ் கோர்ட்டு, ஒரு விஷயம் தெரியுமா" என்றார் ஒருநாள். "சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்கு டெஸ்மண்ட் வர்றான். பொண்டாட்டி, பிள்ளையோட. பேரன், ஐயா. நான் இன்னும் போன்லதான் பார்த்திருக்கேன்."

"எங்க தங்கறாங்க?"

"என் வீட்லதான். வேற எங்க? பெருநாளுக்கு முந்தின நாள் சாப்பாட்ட அங்கேயே வைக்கிறானாம். பழைய மேசைய வெளிய இழுத்துப் போட்டுச் சாப்பிடணும். பேரன மடியில வச்சுக்கிட்டு. அவ்வளவுதான்யா, அதுக்கப்புறம் என்னை இந்த அறையிலயே வச்சுப் பூட்டச் சொல்லு."

அவருக்கு வேறு ஆசை இருந்ததாக நான் கேட்டதில்லை. சிவப்புச் சட்டை ஒன்றைச் சூர்யாத்தியிடம் சொல்லி இஸ்திரி போட்டு வாங்கி, ஜன்னல் கம்பியில் மாட்டிவைத்துக்கொண்டார்.

கிறிஸ்துமஸ் முடிந்தது. சூர்யாத்தி கையைச் சொறிய ஆரம்பித்தாள். அடுத்தது சமையல்காரி. பிறகு விரிப்பு மாற்றுகிறவள். பிறகு முன்கூடத்தில் படுத்திருக்கும் எங்களில் பலர். எனக்கு இடுப்பைச் சுற்றி அரித்தது, ஏற்கெனவே அதில் உலோகம் இருந்தது போதாதென்று. ஃபூவுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. அவரைத்தான் யாரும் பார்ப்பதே இல்லையே.

குவானுக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. "ஃபூ அறையிலேர்ந்து வெளிய வருது. பாதுகாப்பு போதல."

அதனால் பாதுகாப்பு இறுகியது. ரெண்டு ஜோடி கையுறை, ஒன்றின்மேல் ஒன்று. சாப்பாட்டுத் தட்டைக் கையில் கொடுக்கக் கூடாது, வாசலுக்கு உள்ளே தரையில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். குளிக்க உதவக் கூடாது, மூட்டுவலியோடு அவரே குளிக்கட்டும். நாடி பார்க்கக் கூடாது. அந்த அறைக்குள் ரெண்டே நிமிஷம் எட்டிப் பார்க்கக்கூட மஞ்சள் அங்கி கட்டாயம். யாரெல்லாம் ஒழுங்காக விதிமுறையைக் கடைப்பிடித்தார்களோ அவர்களுக்கெல்லாம் ஒழுங்காக அரித்தது.

பணியாளர்களில் விதிவிலக்கு ஒருவன் இருந்தான், பென்னி. உள்ளூர்ப் பையன் என்று சொல்லலாம், வயது நாற்பது. வேலை என்று ஒன்று வருகிற திசை தெரிந்தால் எதிர்த்திசையில் இருப்பான். அவனுக்கு ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. குவான் எல்லாரையும் கூடத்தில் நிறுத்தி அவனை முன்னால் கூப்பிட்டார்.

"பென்னியப் பாருங்க. இவனுக்கு மட்டும் ஏன் வரல? சொன்னத சொன்னபடி செய்றான். நீங்க எங்கயோ தப்பு பண்றீங்க."

ஒரு டின் மைலோவைப் பரிசாகக் கொடுத்தார். பென்னி அதை வாங்கிக்கொண்ட அடக்கத்தைப் பார்க்க வேண்டும். அந்தப் பின்கட்டு அறைக்குள் அவன் ஒருமுறைகூடப் போனதில்லை என்பது கூடத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அந்த நோய்த்தடுப்பு முறையை உலகம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

குடும்பத்துக்காரர்கள் போனில் கேட்க ஆரம்பித்தார்கள். குவான் ஒவ்வொருவரிடமும் ஒரே பதிலைச் சொன்னார். "ஒரு அங்கிள் ஆஸ்பத்திரியிலேர்ந்து கொண்டுவந்துட்டாரு." டெஸ்மண்டுக்கும் போன் செய்தார். உங்கள் அப்பாவால்தான் எல்லாருக்கும் வந்தது, பெருநாளுக்கு அவரை வெளியே அனுப்ப முடியுமா தெரியவில்லை, வீட்டில் கைக்குழந்தை வேறு இருக்கிறது என்றார். அலுவலகச் சுவர் பலகைதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மனுஷர் ஜன்னலில் சிவப்புச் சட்டையை மாட்டிவைத்திருக்கிறார், இவர் இங்கே தீர்ப்பே எழுதிவிட்டாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெருநாளுக்கு ரெண்டு வாரம் இருக்கையில் அரசாங்க கிளினிக்கிலிருந்து டாக்டர் நட்ஸீரா வந்தார். சின்ன வயதுப் பெண், தலைத்துணிக்கு மேல் மழைத்துளி. எங்களையெல்லாம் வரிசையாகப் பார்த்தார். கடைசியில் ஃபூ அறை. குவான் ஆணியிலிருந்து மஞ்சள் அங்கியை எடுத்து, ஒரு தட்டுத் தட்டி, மருந்துத் தண்ணீர் அடித்து அவரிடம் நீட்டினார்.

டாக்டர் வாங்கிக்கொள்ளவில்லை. "இது யாருது?"

"எல்லாருதும்தான்."

"எல்லாரும் இதையேதான் போடறீங்களா?"

"ஆமா டாக்டர். கட்டாயம். ஒருத்தரையும் விடறதில்ல."

"எவ்வளவு நாளா?"

"இவரு இங்க வந்ததுலேர்ந்து. பாருங்க, இன்னும் புதுசு மாதிரியே இருக்கு."

 டாக்டர் தன் பையிலிருந்து ஒரு புது அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே போனார். ஃபூவின் விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புள், ஒன்று விடாமல் விளக்கடித்துப் பார்த்தார். நான் ஜன்னலில் இருந்தேன். யாரோ தன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கிறார்கள் என்பதையே ஃபூ வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து அங்கியையும் கையுறையையும் கழற்றிக் குப்பையில் போட்டுக் கையைக் கழுவிவிட்டு டாக்டர் சொன்னார். "இவருக்கு ஒண்ணுமில்ல. எப்பவோ சரியாயிட்டாரு. இந்தக் கட்டடத்துலயே சுத்தமான ஆளு இவருதான்."

"அப்ப எங்களுக்கு?" என்றார் குவான்.

"முதல்ல இவரக் குளிப்பாட்டின யாருக்கோ ஒட்டியிருக்கு. அவங்க இந்த அங்கிய மாட்டினாங்க. உள்பக்கம் பூச்சி விழுந்துது. அடுத்த ஆளு மாட்டினாங்க. அவங்க உங்கள தொட்டாங்க, நீங்க இவங்கள தொட்டீங்க. அரிப்பு தெரியறதுக்கே சில வாரம் ஆகும். இவர மட்டும் யாரும் தொடல, இவரும் இந்த அங்கிய போடல."

மேட்ரன் குவானுக்கு அப்போது இருந்த முகத்தை நான் கோர்ட்டில் பல தடவை பார்த்திருக்கிறேன். தண்டனை வாசிக்கும்போது கூண்டில் நிற்பவர்கள் அப்படித்தான் நிற்பார்கள், யாரோ இன்னொருவர் பெயர் வாசிக்கப்படுவது போல. அங்கியைப் பழக்கதோஷத்தில் நான்காக மடித்தார். பிறகு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டினார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததில் ஒரு குறை சொல்ல முடியாது. சாவியைக் கழற்றி அலமாரியைத் திறந்தார், மறுபடி பூட்டவில்லை. ஒரே நாளில் எல்லாருக்கும், கட்டிலில் கிடப்பவர் முதல் சமையல்காரிவரை, கழுத்திலிருந்து பாதம்வரை களிம்பு. பென்னி, "எனக்குத்தான் அரிக்கலயே மேட்ரன்" என்றான். "உனக்கு எதுவுமே ஒட்டாது, தெரியும், தடவு" என்றார். துணியெல்லாம் வெந்நீரில் போயிற்று. ஒரு ஆளைத் தொட்டுவிட்டு அடுத்த ஆளைத் தொடுமுன் கையுறையைக் கழற்றி வீசிவிட்டுக் கையைக் கழுவினார். அப்போதுதான் அவர் கைகளைப் பார்த்தேன். சின்னக் கைகள், பல வருட ரப்பருக்குள் ஊறி வெளுத்துப்போயிருந்தன. அடுத்த வாரம் ரெண்டாவது முறையும் களிம்பு முடிந்தது. அரிப்பு நின்றது. ஃபூவை முன்கூடத்துக்கே கொண்டுவந்தார்கள்.

ஒன்றே ஒன்று பாக்கி. மகனிடம் சொல்ல வேண்டும். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் மறுபடி பேப்பரோடு உட்கார்ந்தேன்.

"உங்க அப்பா இப்ப நல்லா குணமாயிட்டாரு மிஸ்டர் ஃபூ. தாராளமா கூட்டிட்டுப் போலாம்" என்றார் குவான்.

அந்தப் பக்கம் என்ன சொன்னான் என்பது இவர் பதிலில் தெரிந்தது. "ஆமா, நான்தான் சொன்னேன்... ஆமா, அவராலதான்னு... இல்ல, இப்ப டாக்டர் பார்த்துட்டாங்க... குழந்தை இருக்கு, புரியுது... சரி, யோசிச்சு சொல்லுங்க."

வெளியே வந்தவரை மறித்தேன். "மேட்ரன், அங்கி விஷயத்த சொல்லலயே."

"எதுக்கு? குணமாயிட்டாருன்னு சொன்னேன்ல."

"அவரு எப்பவோ குணமாயிட்டாரு. உங்களாலதான் மத்தவங்களுக்கு வந்துதுன்னு சொன்னாத்தான் அந்தப் பையன் நம்புவான். பாதிய முழுங்கிட்டு சாட்சி சொல்றவங்கள கோர்ட்ல எப்படிப் பார்ப்பாங்க தெரியுமா?"

"உங்க பேப்பர தலைகீழா பிடிச்சிருக்கீங்க மிஸ்டர் ஞானா" என்றுவிட்டுப் போய்விட்டார். பார்த்தேன். தலைகீழாகத்தான் பிடித்திருந்தேன்.

பெருநாளுக்கு முந்தின நாள் விடிந்ததும் ஃபூ குளித்துச் சிவப்புச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, காலில் ஷூவோடு வாசல் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கையில் ஒரு சிவப்பு உறை, பேரனுக்கு. மத்தியானச் சாப்பாட்டை வேண்டாம் என்றார், ராத்திரி நிறையச் சாப்பிட வேண்டுமாம். மற்றவர்களை ஒவ்வொருவராகப் பிள்ளைகள் வந்து கூட்டிப் போனார்கள். ஃபூ ஒவ்வொரு கார் சத்தத்துக்கும் எழுந்து உட்கார்ந்தார்.

சாயங்காலம் வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய உருவத்தைப் பார்த்து சூர்யாத்தி ஒரு அடி பின்னால் போனாள். தலையில் உறை, முகத்தில் கவசம், அதன்மேல் கண்ணாடித் தகடு, கழுத்திலிருந்து முழங்கால்வரை மஞ்சள் மேலங்கி, கையில் கையுறை, ஷூவுக்கு மேல் நீலப் பை. நிலாவில் இறங்கியவன்கூட இவ்வளவு முன்னேற்பாட்டோடு இறங்கியிருக்கமாட்டான். கார் ஜன்னல்கள் மூடியிருந்தன. உள்ளே ஒரு பெண்ணும் ஒரு சின்னத் தலையும் மங்கலாகத் தெரிந்தன.

உருவம் வாசற்படிக்கு வெளியே நின்றது. "பா, ஹேப்பி நியூ இயர். உங்களுக்குப் பிடிச்ச வாத்து, மீன், எல்லாம் வாங்கிட்டு வந்தேன்."

ஃபூ மேலும் கீழும் பார்த்தார். "நீ டெஸ்மண்டா, இல்ல பூச்சி மருந்து அடிக்க வந்தவனா?"

"பா, தமாஷ் வேணாம். குழந்தைக்கு நாலு மாசம்தான் ஆகுது. மேட்ரனே சொன்னாங்க, உங்களாலதான் இவ்வளவு பேருக்கும்னு. ஜெனிஃபர் பயப்படறா. அடுத்த வருஷம் கட்டாயம் ஒண்ணா சாப்பிடலாம்."

பெட்டிகளைத் தரையில், வாசலுக்கு உள்ளே வைத்தான். பின்கட்டு அறையில் வாரக்கணக்காகக் கஞ்சித் தட்டை வைத்தது போலவே வைத்தான். யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. ஃபூ சிவப்பு உறையை நீட்டினார். அவன் அதை இரண்டு விரல் நுனியில் வாங்கி ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக்கொண்டான். கார் போய்விட்டது.

 ஃபூ குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். மூட்டுவலி விரல்கள், முடிச்சு அவிழவில்லை.  எதைச் சொன்னாலும் கேலியாகத்தான் வரும் என்று நான் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டேன்.

குவான் எல்லாவற்றையும் அலுவலக வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போனார். வெளியே வரும்போது கையில் கார் சாவி.

"ஷூவ அவிழ்க்காதீங்க அங்கிள். எழுந்திருங்க."

"எங்க?"

"அந்த வீடு யாரு பேர்ல இருக்கு?"

"என் பேர்லதான்."

"அப்புறம் என்ன, எங்கன்னு கேட்கறீங்க. மிஸ்டர் ஞானா, நீங்களும் வாங்க. எனக்கு மன்னிப்பு கேட்டுப் பழக்கமில்ல. நடுவுல நின்னுபோச்சுன்னா நீங்க எடுத்துக் கொடுங்க."

பெட்டிகளையும் எடுத்துக்கொண்டோம். அவருடைய பழைய மைவி காரில் நடைச்சட்டத்தையும் என்னையும் மடித்துத் திணித்தார்கள். ஃபூ வழியெல்லாம், "வேணாம் மேட்ரன், திரும்புங்க, பையனுக்குச் சங்கடம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சொன்னாரே தவிர, எந்தத் திருப்பத்தில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னார்.

ஆவ்லோங் வீட்டு வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தது. மேசையை முற்றத்தில்தான் போட்டிருந்தார்கள். டெஸ்மண்ட் இப்போது அரைக்கால் சட்டையில் மனிதனாக இருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான். பக்கத்தில் அவன் மனைவி ஜெனிஃபர், தோளில் குழந்தை.

குவான் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். "மிஸ்டர் ஃபூ, நான் உங்ககிட்ட சொன்னது தப்பு. உங்க அப்பாவால யாருக்கும் வரல. நான் ஒரே அங்கிய எல்லாருக்கும் போட்டுவிட்டேன், மிச்சம் பிடிக்கறேன்னு. அதுலதான் பரவிச்சு. டாக்டர் என் மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. உங்களுக்குப் போன் பண்ணினப்ப அத சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு."

டெஸ்மண்ட் என்னவோ சொல்ல வாயெடுத்தான். குவான் நிறுத்தவில்லை. நான் எடுத்துக் கொடுக்க ஒன்றும் இல்லை.

"இவருக்கு ஒண்ணும் இல்லன்னு எப்படி நம்பறதுன்னு கேட்பீங்க. டாக்டர் வர்ற வரைக்கும் வாரக்கணக்கா இவர ஒருத்தரும் தொடல. குளிப்பாட்டல, கை பிடிச்சு நடத்தல, தட்டக்கூட கையில கொடுக்கல. நான்தான் தொடவிடல. நாய்க்கு வைக்கிற மாதிரி தரையில வைக்கச் சொன்னேன். அப்படி ஒரு ஆளுக்கு எங்கேர்ந்து ஒட்டும்? என்மேல புகார் கொடுக்கணும்னா கொடுங்க. அது நாளைக்கு. இன்னிக்கு இவரு சாப்பிடணும்."

 டெஸ்மண்ட் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். தரையில் வைத்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், காதுவரை சிவந்துபோனான். கேட்டைத் திறந்தது ஜெனிஃபர்தான். நேராக மாமனாரிடம் வந்து குழந்தையைத் தோளிலிருந்து இறக்கி நீட்டினாள்.

"பா, இவனப் பிடிங்க."

ஃபூ ரெண்டு கையையும் நீட்டினார். குழந்தையைத் தொடுவதற்கு ஒரு விரற்கடை இருக்கும்போது சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு குவானைப் பார்த்தார்.

"மேட்ரன், ஒரு ஜோடி கையுறை இருக்கா?"

குவானின் சட்டைப் பையிலிருந்து நீல ரப்பர் விரல் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை அவர் கட்டைவிரலால் உள்ளே அழுத்திவிட்டார்.

"இல்ல அங்கிள். எல்லாம் தீர்ந்துபோச்சு."

ஃபூ கைகளைக் கால்சட்டையில் ரெண்டு பக்கமும் நன்றாகத் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கினார்.